ஏழு ஸ்பீக்கர் போட்ட ஊடு

இங்க ஆராச்சும் உக்காந்திருக்கறாங்களா அம்மிணி? இல்லீங்களா? அப்ப நான் உக்காந்துக்கறேன். என்ற சம்சாரம் படம் எடுக்க உள்ள போயிருக்கறா. எக்ஸ்ரே ரூமுக்குள்ள கூட வர்றவங்க வரக்கூடாதுன்னு நர்ஸம்மா வாசல்லயே நிறுத்திப்போட்டுது. நான் உள்ள போயி என்ன பண்ணிருவேன்? அந்த மெஷினுக்குக் கேபிள் எப்புடி இழுத்திருக்கறாங்கன்னு ஒரு பார்வை பார்த்துட்டு வந்திருப்பேன். அவ்வளவுதான். விடல.

நீங்க மாமியாரைக் கூட்டிட்டு வந்தீங்களா? இடுப்புங்களா? சரி சரி. இந்த டாக்டர்கிட்ட வந்தா ரெண்டு மணி நேரம் உக்காரோணும். நல்ல டாக்டர்ங்க, அதான் கூட்டம்.

எனக்குச் சூலூர் பக்கம். பேரு கிட்டுச்சாமி. நூல் மில்லுல முப்பத்தொரு வருஷம் எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். நான் அதிகமாப் பேசற ஆளு இல்லீங்க. மில்லு இரைச்சல்ல என்னத்தைப் பேசறது? கையில சைகை காட்டியே காலம் போயிருச்சு. ரிட்டயர் ஆனதுக்குப் பொறகுதான் அவரு வாயைத் தொறந்தாரு, இன்னும் மூடலைன்னு என்ற சம்சாரம் சொல்லுவா. அது சும்மா தமாசுக்குங்க.

அவ பேரு மயிலாத்தா. மயிலான்னுதான் கூப்பிடுவேன். ஒரு மாசத்துக்கு முன்னால என்ன பண்ணுனா தெரியுங்களா? என்னைய உட்டுப்போட்டுத் தம்பி ஊட்டுக்குப் போயிட்டா. ஆமாங்க. இந்த வயசுல. என்ற மேல என்ன தப்பு, முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

பெங்களூர்ல இருக்கற பொண்ணு ஒரு பெரிய டிவி அனுப்பிச்சா. இந்தச் செவுத்துல பாதி இருக்கும். படம் பளிச்சுன்னு தெரியுது. ஆனா சத்தம்? தகரத்துக்குள்ள உக்காந்துட்டுப் பேசற மாதிரி. எனக்கு மனசு கேக்கலைங்க. அட்டாலி மேல என்ற பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்துச்சு, ரெண்டு மர ஸ்பீக்கரோட. எறக்கித் தொடச்சு டிவியோட சேர்த்துட்டேன். ஊடே அதிர்ந்துச்சு. மயிலா அடுப்படியில இருந்து ஓடி வந்து, "ஏனுங்க, சிலிண்டரா?"ன்னு கேட்டா. அவ்வளவு சுத்தமான சத்தம்.

அங்க ஆரம்பிச்சது. ஹாலுக்கு மட்டும் இந்தச் சத்தம் இருந்தாப் போதுமா? ஊட்ல ரேடியோ ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம், ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை இல்லாம பங்காளிச் சண்டை போட்ட மாதிரி கெடக்குது. இதையெல்லாம் ஒரே நெட்வொர்க்ல கோர்த்துட்டா? இன்டர்நெட் பொட்டி ஏற்கனவே ஊட்ல இருக்குது. சோப்பு டப்பா அளவுல ஒரு பொட்டி விக்கறாங்க அம்மிணி. அதை ஒரு ஸ்பீக்கர்ல சொருகுனா, வயரே இல்லாம அந்த ஸ்பீக்கர் நெட்வொர்க்ல சேர்ந்துரும். அப்பறம் போன்ல ஒரு பட்டனைத் தொட்டா, ஒரு பாட்டு எல்லா ரூம்லயும் ஒண்ணாக் கேக்கும். ஹால்ல ஒண்ணு, படுக்கற ரூம்ல ஒண்ணு, பொண்ணு ரூம்ல ஒண்ணு, சாமி ரூம், அடுப்படி, குளிக்கற ரூம், வெளிய போர்டிகோ. ஏழு. ஏழுக்கும் சேர்த்து போன்ல 'எல்லா ரூமும்'னு ஒரு பேரு வெச்சேன்.

குளிக்கற ரூம்ல எதுக்குன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? மயிலா கேட்டா. குளிக்கப் போறவன் பாட்டைப் பாதியில உட்டுட்டா போவான்?

ஆனா ஒரு செரமம் இருந்துச்சுங்க. ஹால்ல பாட்டு வந்து அரை நொடி கழிச்சுத்தான் அடுப்படியில வருது. நடுவுல நின்னு கேட்டா ஒரே ஆளு ரெண்டு தடவை பாடற மாதிரி இருக்குது. உடுவனா? பதினோரு நாளு அதோட மல்லுக்கட்டுனேன். நான் ஹால்ல நின்னுட்டு "வந்துச்சா?"ம்பேன். மயிலா அடுப்படியில இருந்து "வந்துச்சு"ம்பா. "இப்ப?" "வந்துச்சு." "முன்னால வந்துச்சா, பின்னால வந்துச்சா?" "எல்லாம் வந்துச்சுங்க, பாலும் பொங்கி வந்துருச்சு"ன்னா ஒருநாளு. எனக்கு அப்ப எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா, அவ அந்த 'வந்துச்சு' சொன்னப்ப பாட்டு ஹால்லயும் அடுப்படியிலயும் ஒரே நேரத்துல கேட்டுச்சு. சரியா உக்காந்துருச்சு. பால் போனாப் போகுது.

இப்ப அடுப்படி ரேடியோவுக்கு வர்றேன். அது மயிலாவோட ரேடியோ. அவ அம்மா ஊட்ல இருந்து கொண்டு வந்தது. காலையில எந்திரிச்ச உடனே குமிழைத் திருகுவா, கரகரன்னு ஒரு சத்தம் வரும், அதுலயே சமைச்சு முடிச்சுருவா. அந்தக் கரகரப்பு என்ற நெட்வொர்க்குக்கே அசிங்கமா இருந்துச்சுங்க. ஆறு ரூம்ல அமிர்தமாக் கேக்குது, ஏழாவது ரூம்ல மாவு மில்லு ஓடற சத்தம். அதனால ஒருநாளு அவ ரேஷன் கடைக்குப் போயிருந்தப்ப ரேடியோவைத் தொறந்து உள்ள இருந்ததையெல்லாம் எடுத்துட்டு, அடுப்படியில வெச்சிருந்த ஸ்பீக்கரையும் சோப்பு டப்பாவையும் அதுக்குள்ள வெச்சு மூடிட்டேன். வெளிய பார்த்தா அதே ரேடியோ. ஒரு கீறல் இல்ல.

வந்து குமிழைத் திருகுனா. வர்ல. "அது இனிமே சும்மா அழகுக்கு மயிலா. போனை எடு. ஆப்பைத் தொற. 'அடுப்படி'யைத் தொடு. ரேடியோன்னு அடி. நாலு படம் வரும், மூணாவதைத் தொடு"ன்னு சொல்லிக் குடுத்தேன். கையெல்லாம் இட்லி மாவு அவளுக்கு. என்னையப் பார்த்தா, ரேடியோவைப் பார்த்தா. ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலைன்னா புடிச்சிருக்குதுன்னுதானே அர்த்தம்?

அப்பறம் அறிவிப்பு. இது முழுக்க என்ற சொந்த ஐடியா. டெய்லி காலையில ஆறு மணிக்கு ஏழு ஸ்பீக்கர்லயும் என்ற குரல் வரும். நானே ரெக்கார்டு பண்ணுனது. "வணக்கம். மணி ஆறு. மயிலா, காபி." அவ்வளவுதான், சுருக்கமா. முன்னெல்லாம் காபி வேணும்னா கட்டல்ல இருந்து கத்தோணும். எனக்கும் தொண்டை வலிக்கும், அவளுக்கும் சங்கடம். இப்பக் கத்தவே வேண்டியதில்ல. அவ எந்த ரூம்ல இருந்தாலும் மரியாதையா வணக்கம் சொல்லித்தான் கேக்கறேன்.

பகல்லயும் அப்புடித்தான். போனை வாய்கிட்ட வெச்சுப் பேசுனா ஏழு எடத்துலயும் கேக்கும். இதுல ஒரே ஒரு சங்கடம் நடந்துச்சு. மயிலாவோட பெரியம்மா அவினாசியில இருந்து ஒரு விசேசத்துக்கு வந்திருந்தாங்க. குளிக்கப் போயிருந்தாங்க. அது எனக்குத் தெரியாது. நான் சாமி ரூம்ல இருந்துட்டு, "மயிலா, துண்டைக் காணோம், எடுத்துட்டு வா"ன்னு போன்ல சொன்னேன். உள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, நம்ம மில்லுல சங்கு ஊதுனாக் கூட அப்புடி வராது. அந்தம்மா ஈரச் சேலையோட வெளிய ஓடியாந்து, "உள்ள ஒரு ஆம்பளை துண்டு கேக்கறான்"ங்கறாங்க. நான் பொறுமையா வெளக்குனேன். "பெரிம்மா, இது ஒருவழிதானுங்க. என்ற குரல் உள்ள வரும், உள்ள இருந்து ஒண்ணும் வெளிய வராது." அவிங்களுக்கு அது ஆறுதலா இல்ல. சாப்பிடாமயே பஸ் ஏறிட்டாங்க. படிக்காத சனம்ங்க, என்ன பண்றது? மயிலாதான் ரெண்டு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருந்தா.

சரி, மெயின் சங்கதிக்கு வர்றேன்.

எல்லாம் செட் ஆனதுக்குப் பொறகு நாலு பேருக்குக் காட்டோணுமில்லீங்களா? மில்லுல என்ற கூட வேலை பாத்தவங்க ரெண்டு பேரு. ஆறுச்சாமி, ஃபிட்டரா இருந்தவன். குப்புராஜ், ஆபீஸ்ல டைம்கீப்பர். ஒரு ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு வரச் சொன்னேன். மயிலா வாழக்காய் பஜ்ஜி போட்டு வெச்சா. வெச்சுட்டு, "நான் மொளகா காய வெச்சிருக்கறேன், எடுத்துட்டு வர்றேன்"னு மொட்டமாடிக்குப் போயிட்டா.

என்ற போன்ல சார்ஜ் இல்ல. அதனால காலையிலயே மயிலா போனை வாங்கி, அதுல வர்ற படம், சத்தம் எல்லாம் டிவிக்கும் ஏழு ஸ்பீக்கருக்கும் போற மாதிரி கனெக்‌ஷன் குடுத்திருந்தேன். அதுல ஒரு நாதஸ்வரத்தைப் போட்டேன். ரெண்டு பேரையும் ரூம் ரூமாக் கூட்டிட்டுப் போனேன். "நடங்க, நடந்துட்டே கேளுங்க, பாட்டு நம்ம கூடவே வருது பாருங்க." ஆறுச்சாமி வாயைப் பொளந்துட்டான். குப்புராஜ் மட்டும், "என்ற ஊட்ல ஒரு சின்ன டப்பா இருக்குது கிட்டு, அதே போதும் எனக்கு"ன்னான். பொறாமைங்க. குளிக்கற ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயிக் கதவைச் சாத்தி அஞ்சு நிமிசம் கேக்க வெச்சேன். அதுக்குப் பொறகு பேசல.

நடுவுல மயிலா கீழ வந்து போனைக் கேட்டா. குடுத்தேன். திரும்ப மேல போயிட்டா. கனெக்‌ஷனைக் கழட்டோணும்னு எனக்குத் தோணல. பஜ்ஜி ஆறிட்டிருந்துச்சு, ஆறுச்சாமி மட்டும் அப்பவே தின்னுட்டிருந்தான்.

மயிலாவுக்குக் காங்கேயத்துல ஒரு தம்பி, தாராபுரத்துல ஒரு தங்கச்சி, சாந்தாமணின்னு. அந்தத் தங்கச்சிக்கு இவ டெய்லி போன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்புவா. எழுத்தெல்லாம் அடிக்கத் தெரியாது. அனுப்பிப்போட்டு, பேசுனது சரியா இருக்குதான்னு ஒரு தடவை போட்டும் கேப்பா. அது அவளோட பழக்கம்.

நாங்க மூணு பேரும் ஹால்ல பஜ்ஜி தின்னுட்டிருக்கறோம். திடீர்னு ஏழு ஸ்பீக்கர்லயும், "சாந்தா, நாந்தான் பேசறேன்"ன்னு ஒரு குரல். மூணு பேரும் ஆடிப் போயிட்டோம். மயிலாவோட குரல். மாடியில போட்டுக் கேக்கறா. சத்தம் போன்ல வராம ஊடு முழுக்க வருது.

"சாந்தா, நாந்தான் பேசறேன். மொட்டமாடியில நின்னுட்டுப் பேசறேன். கீழ ஏழு எடத்துல அவரு பேசறாரு. நான் பேசோணும்னா மாடிக்குத்தான் வரவேண்டியிருக்குது. என்ற ரேடியோவோட வயித்தைக் கிழிச்சுக் கொடலை எடுத்துப்போட்டாரு. கேட்டா, வெளிய ஒரு கீறல் இல்லைங்கறாரு..."

குப்புராஜ் டிவியைப் பார்த்துட்டு உக்காந்துட்டான். அதுல ஒண்ணுமில்ல, அவளோட போன் திரைதான் பெருசாத் தெரியுது. ஆனா கண்ணை எங்கயாச்சும் வைக்கோணுமில்லீங்களா.

"...இப்ப சிநேகிதக்காரங்களைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டிருக்கறாரு. குப்புராஜ் அண்ணன் பாவம், தப்பிச்சு ஓட வழி பார்க்கறாரு. அந்த ஆறுச்சாமி அண்ணன் எதையும் கவனிக்கல. பதினோரு பஜ்ஜி தின்னாச்சு..."

ஆறுச்சாமி கையில இருந்ததை மெதுவாத் தட்டுல வெச்சான். அது பன்னெண்டாவது.

இதுல கொடுமை என்னன்னா, மாடியில அவளுக்கு ஒண்ணும் கேக்கலை பாருங்க. போன்ல சத்தம் கம்மியா இருக்குதுன்னு நெனச்சு, ஏத்தற பட்டனை அமுக்கறா, அமுக்கறா. இங்க ஸ்பீக்கர் ஏறுது. ஜன்னல் கம்பி அதிருது. போர்டிகோ ஸ்பீக்கர் ரோட்டைப் பார்த்துட்டில்ல இருக்குது! எதிர்த்த ஊட்டு சரோஜா வாசல்ல வந்து நின்னுட்டா. பால்காரர் வண்டியை நிறுத்திட்டாரு. அப்பறமும் கேக்கலைன்னு மறுபடியும் மொதல்ல இருந்து போடறா. "சாந்தா, நாந்தான் பேசறேன்..."

நான் என்ன பண்ணுனேன்னு கேளுங்க. எனக்கு அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. பாட்டு போட்டு டெஸ்ட் பண்றது வேற, மனுசக் குரலைப் போட்டுப் பார்க்கறது வேற. மனுசக் குரல்லதான் கோளாறெல்லாம் தெரியும். நான் எந்திரிச்சு அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவுல நின்னேன். வெரலைத் தூக்கி, "கேளுங்க, கேளுங்க! அரை நொடி கூடப் பிசகு இல்ல!"ன்னேன். ஆறுச்சாமி, "கிட்டு, நிறுத்துடா"ன்னான். "இருடா, எடது பக்கம் கொஞ்சம் கம்மியா வருது"ன்னு ஆம்ப்ளிஃபயர்ல குமிழைத் திருகிச் சரி பண்ணிட்டிருந்தேன்.

அப்ப, கீழ என்ன சத்தம்னு பார்க்க மயிலா முறத்துல மொளகாயோட படியெறங்கி வந்தா. பாதிப் படியில நின்னுட்டா. அவ குரல் ஏழு எடத்துல இருந்தும் அவளைப் பார்த்து வருது. "...முப்பத்தாறு வருஷத்துல ஒருநாளாச்சும், உனக்கு என்ன கேக்கோணும்னு கேட்டிருப்பாரா சாந்தா"ன்னு வருது.

நான் சந்தோசத்துல ஓடிப் போனேங்க. "மயிலா! உன்ற குரல் எவ்வளவு சுத்தமா வந்துச்சு தெரியுமா? ஒரு கரகரப்பு இல்ல! ரோட்டு வரைக்கும் கேட்டுச்சு!"ன்னேன்.

பாராட்டித்தானே சொன்னேன்? நீங்களே சொல்லுங்க.

அவ முறத்தைக் கீழ வெச்சா. உள்ள போயிட்டா. குப்புராஜும் ஆறுச்சாமியும் செருப்பு மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க, அவ்வளவு அவசரம். அடுத்த நாள் காலையில ஆறு மணிக்கு "வணக்கம், மணி ஆறு, மயிலா, காபி"ன்னு சொல்லுச்சு. மயிலா கையில பையோட வாசல்ல நின்னுட்டிருந்தா. "தம்பி ஊட்டுக்குப் போறேன். கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கறேன்"னா. "எப்ப வருவே?"ன்னேன். "தெரியல"ன்னா. ஊட்டுத் தொறப்புக்குச்சியை, அதான் சாவியை, என்ற கையில குடுத்துட்டுப் போயிட்டா.

எனக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு நாளு யோசிச்சேன். பேஸ், அதான் அந்தக் கனமான சத்தம், கொஞ்சம் தூக்கலா இருந்துச்சுங்க அன்னிக்கு. பொம்பளைங்க குரலுக்கு அது ஒத்துக்காது, கொஞ்சம் தடிப்பாக் காட்டும். அதுல வருத்தமோ என்னமோன்னு நெனச்சுட்டுக் கொறச்சு வெச்சேன்.

தனியா இருந்தா எனக்கென்ன அம்மிணி? சோறு வடிக்கத் தெரியும். ரசம் வெக்கத் தெரியும், கொஞ்சம் காரமா வந்துரும். ஒரே ஒரு தொந்தரவு, அந்தக் காலை அறிவிப்பு. நான் அதை அழிக்கல. எதுக்கு அழிக்கறதுன்னு உட்டுட்டேன். டெய்லி ஆறு மணிக்கு ஏழு ரூம்ல நின்னுட்டு நானே "மயிலா, மயிலா"ன்னு கூப்பிடறேன். நானே கட்டல்ல படுத்துட்டு அதைக் கேக்கறேன். நாலாம் நாளு என்னையறியாம, "இல்லைப்பா, ஊருக்குப் போயிட்டா"ன்னு பதில் சொல்லிட்டேன். அப்பத்தான் எனக்கே கொஞ்சம் பயம் வந்துருச்சு.

அவளுக்காக ஏங்கிப்போயெல்லாம் இல்லீங்க. அப்புடியெல்லாம் இல்ல. டெஸ்டிங் பண்ண ஆளில்ல, அதான் சங்கடம். ஹால்ல நின்னுட்டு "வந்துச்சா?"ன்னா, அடுப்படியில இருந்து ஆரு சொல்லுவா?

ரேடியோவை எடுத்து, உள்ள இருந்த ஸ்பீக்கரை வெளிய வெச்சுட்டு உக்காந்தேன். அதோட கொடலு, அதான் அந்தப் பழைய போர்டு, நல்லவேளை நான் தூக்கிப் போடல, பழைய ஸ்க்ரூ டப்பாவுல கெடந்துச்சு. திரும்பப் பொருத்தறதுக்கு மூணு நாளு ஆச்சு. ஒரு வயர் விட்டுப் போச்சு, ஒரு பார்ட்டு கருகியிருந்துச்சு, டவுன்ஹால் பக்கம் அலைஞ்சு வாங்கிட்டு வந்தேன். குமிழைத் திருகுனேன். கரகரன்னு வந்துச்சு. அந்தக் கரகரப்பு மட்டும் போகவே இல்ல. நானும் அதைச் சரி பண்ண முயற்சி எடுக்கல. ஏனோ எடுக்கல.

அதைத் துண்டுல சுத்தி எடுத்துட்டுக் காங்கேயத்துக்குப் பஸ் ஏறுனேன். மச்சினன் பொன்னுச்சாமி தோட்டத்துல இருந்தான். என்னையப் பார்த்துட்டு, "வாங்க மாமா. அக்கா பொடக்காலியில இருக்குது"ன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல. சாந்தாமணி அந்தப் பதிவைக் குடும்பத்துக்கே அனுப்பியிருப்பா போலிருக்குது.

ஊட்டுக்குப் பொறத்தால மயிலா சின்ன வெங்காயம் உரிச்சுட்டிருந்தா. நான் போயி முன்னால ரேடியோவை வெச்சேன். அவ கையைத் தொடச்சுட்டுக் குமிழைத் திருகுனா. ஆரோ ஒருத்தரு பருத்தியில வர்ற பூச்சியைப் பத்திப் பேசிட்டிருந்தாரு. ஒரு நிமிசம் கேட்டா. நிறுத்துனா.

"சரி, ரேடியோ வந்துருச்சு. நீங்க எதுக்கு வந்தீங்க?"ன்னா.

எப்புடிக் கேள்வி பாருங்க! "அடுப்படி ஸ்பீக்கரை டெஸ்ட் பண்ண ஆளில்ல மயிலா"ன்னேன்.

வெங்காயத்தை உரிக்க ஆரம்பிச்சுட்டா. பொன்னுச்சாமி சம்சாரம் உள்ள இருந்து சிரிக்கறது கேட்டுச்சு. நான் கொஞ்ச நேரம் நின்னேன். காலு வலிச்சுது, பக்கத்துல உக்காந்தேன். சும்மா இருக்கறதுக்கு நானும் நாலு வெங்காயத்தை எடுத்து உரிச்சேன். அதுல கண்ணு எரிஞ்சு தண்ணி வந்துருச்சு. வெங்காயத்துலதாங்க. "அழுகறீங்களா?"ன்னா. "இல்ல, வெங்காயம்"ன்னேன். "நீங்க உரிச்சது பூண்டு"ன்னா.

அப்பறம் அவளே சொன்னா. "வர்றேன். ஆனா ஒண்ணு. டெய்லி பொழுதோட அரை மணி நேரம் நான் பேசுவேன். நீங்க எதுத்தாப்புல உக்காந்து கேக்கோணும். ஒரு பொட்டி ஓடக்கூடாது. போனு கையில இருக்கக்கூடாது."

"என்ன பேசுவே?"

"அது என்ற பாடு."

"கால் மணி நேரம் போதாதா?"ன்னு கேட்டுப் பார்த்தேன். பூண்டை எடுத்து என்ற பக்கம் தள்ளி உட்டா. சரின்னுட்டேன். ரெண்டு பேரும் பொழுதோட பஸ்ல வந்துட்டோம்.

மொத நாளு. சாயங்காலம் ஆறு மணி. ஏழு ஸ்பீக்கரையும் நானே போயி ஒவ்வொண்ணா அணைச்சேன். பரிச்சைக்கு உக்காரப் போற மாதிரி இருந்துச்சு. அவ எதுத்தாப்புல சேர்ல வந்து உக்காந்தா. நானும் உக்காந்தேன். என்ன நடந்துச்சு தெரியுங்களா?

அவ பேசவே இல்ல.

அஞ்சு நிமிசம் ஆச்சு. பத்து நிமிசம் ஆச்சு. ஃபேன் சத்தம் மட்டும். அந்த ஃபேன்ல ஒரு பேரிங் கெட்டிருக்குது, அன்னிக்குத்தான் கவனிச்சேன். சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். அவ என்னையப் பார்த்தா. மூடிட்டேன். அவ சேலை முந்தானையை மடிக்கறா, பிரிக்கறா. என்னமோ சொல்ல வர்றா, உள்ள போயிருது. அரை மணி நேரம் கேட்டு வாங்கிட்டா, எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல அவளுக்கு. மில்லுல ஷிஃப்டு முடிஞ்சு மெஷினெல்லாம் நின்னா காது கொஞ்ச நேரம் ஙொய்யின்னுட்டே இருக்கும், அப்புடி இருந்துச்சு.

முடியப் போற நேரத்துல, தரையைப் பார்த்துட்டுச் சொன்னா. "முட்டி வலிக்குதுங்க."

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருஷமா."

எனக்குக் கோவம் வந்துருச்சு. "ரெண்டு வருஷமாச் சொல்லாம இருந்தயா?"ன்னேன்.

"சொன்னேன்"ன்னா. சண்டை போடற மாதிரி இல்ல. சும்மா, தேதி சொல்ற மாதிரி. "நெறைய தடவை சொன்னேன்."

நான் நம்பல. அடுத்த நாளு ஆறுச்சாமியை டீக்கடையில பார்த்தப்ப கேட்டேன். "மயிலாவுக்கு முட்டி வலியாம்டா, எங்கிட்டச் சொன்னதாச் சொல்றா, எனக்கு ஞாபகமே இல்ல"ன்னேன். அவன் டீயைக் கீழ வெச்சுட்டு என்னைய ஒரு மாதிரிப் பார்த்தான். "அன்னிக்கு ஸ்பீக்கர்லயே சொல்லுச்சேடா மயிலாத் தங்கச்சி. 'மாடிப்படி ஏறுனா முட்டி கழண்டு விழற மாதிரி வலிக்குது சாந்தா, அவருகிட்டச் சொன்னா வந்துச்சா போச்சான்னு கேக்கறாரு'ன்னு. ரெண்டு தடவை ஓடுச்சு. எதிர்த்த ஊட்டு சரோஜாவுக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும். நான்தான் உன்னைய நிறுத்துடா நிறுத்துடான்னேன்"ங்கறான்.

நான் அப்ப எடது பக்கம் கொறையுதுன்னு குமிழைத் திருகிட்டிருந்தேன் அம்மிணி.

ஏழு ஸ்பீக்கருங்க.

அதான் இன்னிக்குக் கூட்டிட்டு வந்தேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா, நான்தான் டோக்கன் போட்டேன். ஆட்டோவுல வர்றப்பக்கூட அவதான் பேசிட்டே வந்தா. இப்பெல்லாம் அரை மணி நேரம் பத்தறதில்ல, ஒரு மணி நேரம் போகுது. சாந்தாமணி ஊட்டு நாய் குட்டி போட்டது வரைக்கும் எனக்குத் தெரியும். ஒருத்தரு பேசறதைக் கேக்கறதுக்கு ஒரு பக்குவம் வேணுமுங்க, அது எனக்கு இயற்கையிலயே இருந்திருக்குது, இத்தனை நாளு ஆரும் சொல்லல. குப்புராஜுக்கெல்லாம் அந்தப் பொறுமை கெடையாது. அவனுக்கு ஒருநாளு உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கோணும், எப்புடிக் கேக்கறதுன்னு, ஒரு ரெண்டு மணி நேரம்...

அதோ வந்துட்டா. அந்தப் பச்சைச் சேலை. மெதுவா வா மயிலா, அவசரமில்ல. கவரைக் குடு, நான் புடிச்சுக்கறேன். இப்புடி உக்காரு. உள்ள என்ன சொன்னாங்க?

அம்மிணி, சித்த பேசாம இருங்க. அவ சொல்றா, கேக்கோணும்.